கேள்வி - பதில்: நாற்பது பிராங்குக்குப் போன பையனும் அவனை எழுதிய பத்திரிகைக்காரரும்

போன இதழில், விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத் தோதான புத்தகங்கள் என்று எழுதும்போது, பிரெஞ்சு எழுத்தாளர் எக்தோர் மாலோவின் ‘சான் ஃபமீய்’ நாவலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். குடும்பம் இல்லாத ரெமி என்ற சிறுவன், நாற்பது பிராங்குக்கு (பிராங்கு என்பது பிரெஞ்சுப் பணம்) கைமாறி, நாய்களையும் குரங்கையும் வைத்து ஊர் ஊராக வித்தை காட்டும் ஒரு கிழவரோடு சுற்றுகிற கதை. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. மற்ற கேள்விகளெல்லாம் அடுத்த இதழில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் வாசகி: எங்கள் தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரராக இருந்து பென்ஷன் வாங்கியவர். நீங்கள் எழுதிய புத்தகம் அட்டை போய் அவர் பெட்டியில் கிடக்கிறது. எனக்கு பிரெஞ்சு தெரியாது. எழுதியவர் யார்? ‘பத்திரிகைக்காரர்’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தீர்கள், விவரமாகச் சொல்லுங்களேன்.

அந்தப் புத்தகத்தை முதலில் ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள், அம்மா. கடற்காற்று அடிக்கிற ஊரில் பழைய தாள் சீக்கிரம் பொடிந்துவிடும். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் உங்களுடையது, சொல்தா குடும்பங்களின் பெட்டிகளில் இப்படி ஒன்றிரண்டு புத்தகம் கிடப்பது இயல்புதான். அதை எடைக்குப் போடாமல், எழுதியவர் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாலோ 1830 மே 20 அன்று, வட பிரான்சில் ருவான் நகரத்துக்குப் பக்கத்தில், சேன் ஆற்றங்கரையில் இருக்கிற லா பூய் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா நோட்டரி, அதாவது ஊரார் சொத்துப் பத்திரங்களை எழுதி உறுதி செய்து கொடுக்கிற சட்டக்காரர். மகனும் ருவானிலும் பிறகு பாரிசிலும் சட்டம் படித்தார், ஆனால் மனசு எழுத்துப் பக்கம்தான் இழுத்தது. 1859ல் முதல் நாவல் வெளிவந்தது, ‘லே அமான்’ என்று பெயர், பெரியவர்களுக்கான காதல் கதை. அதே ஆண்டுதான் பாரிசில் ‘லொப்பினியோன் நசியோனால்’ என்ற நாளிதழ் தொடங்கியது. அதில் புத்தக விமர்சனம் எழுதுகிற வேலையில் மாலோ சேர்ந்தார். பத்திரிகைக்காக இங்கிலாந்து போய் அங்கே ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரைகள் 1862ல் தனிப் புத்தகமாகவும் வந்தன. பின்னால் ரெமியை லண்டன் பனிமூட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டாரே, அந்தத் தெருக்களை அவர் முன்பே நடந்து பார்த்திருந்தார்.

கதை எழுதும்போதும் அவர் நிருபராகத்தான் இருந்தார் என்பது என் எண்ணம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 1838ல் பிரான்சில் மனநோய் விடுதிகளுக்கு என்று ஒரு சட்டம் வந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு சொத்துக்காகச் சொந்தக்காரரையே பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிட முடியும் என்பதை வைத்து 1869ல் ‘அன் போ ஃப்ரேர்’ என்று ஒரு நாவல் எழுதினார். கல்யாணச் சட்டம், முறைப்படி மணக்காத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளின் உரிமை, தொழிலாளி படும் பாடு, எல்லாம் அவர் நாவல்களில் வரும்.

அவருடைய நண்பர் ஜூல் வாலெஸ், அவரும் பத்திரிகைக்காரர், 1871ல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியில் நின்றவர், அது நசுக்கப்பட்டதும் லண்டனுக்குத் தப்பி ஓடினார். பிரான்சில் அவருக்கு மரண தண்டனை காத்திருந்தது. அப்படிப்பட்டவரின் நாவலைப் பாரிஸ் பத்திரிகையில் வரவைக்க எந்த எழுத்தாளன் துணிவான்? மாலோ அதற்காகப் பாடுபட்டார், 1878ல் புனைபெயரில் அது தொடராக வெளிவந்தது. ‘நாணயஸ்தன் மாலோ’ என்று அவருக்குப் பெயர் வைத்ததே வாலெஸ்தான். எனக்கு மாலோவைப் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு விஷயம் போதும்.

பிள்ளைகளுக்கான எழுத்துக்கு அவர் தாமதமாகத்தான் வந்தார். 1869ல் ‘ரொமேன் கால்ப்ரிஸ்’, கடலோரத்துப் பையன் ஒருவன் வயிற்றுக்குப் போடாத மாமா வீட்டிலிருந்து ஓடிப்போகிற கதை. அது நன்றாக வந்ததைப் பார்த்து, ஜூல் வெர்னின் பதிப்பாளரான எட்ஸெல், பிரான்ஸ் முழுவதும் சுற்றுகிற ஒரு சிறுவனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். மாலோ எழுதினார். அதற்குள் 1870 போர் வந்தது, பிரஷ்யப் படை பாரிசை முற்றுகையிட்டது, அந்தக் களேபரத்தில் கைப்பிரதி போயே போய்விட்டது. வேறொருவராக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பார். இவர் சில ஆண்டுகள் கழித்து முதலிலிருந்து உட்கார்ந்து திரும்ப எழுதினார். 1878ல் தாந்த்து என்ற வேறொரு பதிப்பாளர் வழியாக இரண்டு பாகங்களாக வெளிவந்தது, பிரெஞ்சு அகாதெமி பரிசு கொடுத்தது, 1880ல் எட்ஸெலே படங்களுடன் பெரிய பதிப்பு போட்டார். உங்கள் பிரதியில் படங்கள் இருக்கின்றனவா பாருங்கள், முதல் பக்கத்தில் பதிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கும். அதற்கடுத்து ‘லூசி’ என்று ஒரு பெயர் தென்பட்டால் அது அவருடைய மகள். இதை எழுதும்போதெல்லாம் உன் நினைப்பாகவே இருந்தேன், இது லூசிக்குப் பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே எழுதினேன் என்று மகளுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார்.

மயிலாடுதுறை வாசகர்: உள்ளூர்ச் செய்தியாளராக வேலை பார்க்கிறேன். வாய்க்கால் உடைப்பு, கொள்முதல் நிலையத்தில் நெல் தேக்கம், பேருந்து விபத்து என்று எழுதுகிறேன். சிறுவர் கதை எழுத ஆசை. செய்தி எழுதிப் பழகிய கைக்குக் கதை வராது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் தம்பி. மாலோவின் அந்த நாவலில் சுரங்கத்துக்குள் வெள்ளம் வருகிற அத்தியாயங்கள் இருக்கின்றன, அதை மட்டுமாவது படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெற்கு பிரான்சில், செவேன் மலைப்பக்கம், வார்ஸ் என்ற கற்பனை ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். ரெமியின் சிநேகிதன் கையில் அடிபட்டுவிடுகிறது, அவனுக்குப் பதிலாக ரெமி கரி வண்டி தள்ளப் போகிறான். ஒருநாள் மேலே மழை கொட்டி ஆறு பெருகி, தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்கிறது. ஆறேழு பேர் மேடான ஒரு முட்டுச் சந்துக்குள் ஏறி ஒண்டிக்கொள்கிறார்கள். வெளியே போக வழி கிடையாது, கீழே தண்ணீர், விளக்கு ஒவ்வொன்றாக அணைகிறது. இந்த இடத்தில் சாதாரணக் கதைக்காரர் அழுகையும் பிரார்த்தனையுமாகப் பத்துப் பக்கம் ஓட்டியிருப்பார். மாலோ என்ன செய்கிறார் தெரியுமா? தண்ணீர் ஏன் நம்மிடம் வரவில்லை என்று ஒருவனைக் கேட்க வைக்கிறார். அந்தக் கூட்டத்தில் ‘வாத்தியார்’ என்று எல்லோரும் கேலியாகக் கூப்பிடுகிற ஒரு வயதான தொழிலாளி இருக்கிறார், நிலக்கரியில் பதிந்த இலைத் தடங்களைப் பொறுக்கிச் சேர்த்து வைப்பவர், காட்டு மரங்கள் எப்படிக் கரியாயின என்று ரெமிக்கு முன்பே சொல்லிக் கொடுத்தவர். அவர்தான் பதில் சொல்கிறார். கவிழ்த்த கண்ணாடி டம்ளரைத் தண்ணீருக்குள் நேராக அமுக்கினால் உள்ளே இருக்கிற காற்று தண்ணீரை மேலே ஏறவிடாது அல்லவா, நாம் இருக்கிற இடமும் மேலே மூடியது, காற்று போக வழி இல்லை, அதனால் தண்ணீர் ஏறாது. ஆனால் அதே காரணத்தால் காற்று இறுகி காதை அடைக்கும், மூச்சுத் திணறும், பயப்படாதீர்கள்.

கேலிக்கு ஆளான மனிதர் அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கூட்டத்துக்குத் தலைவராகிவிடுகிறார். இருக்கிற ரொட்டியைப் பங்கிடுகிறார், தூங்கி வழுக்கித் தண்ணீரில் விழாமல் இருக்க கரிச் சரிவில் எல்லோரையும் படி வெட்டச் சொல்கிறார், குடிநீரைத் தோல் பூட்சில் மொண்டு தரச் சொல்கிறார். வெளியே தண்ணீர் இறைக்கிற தொட்டிகளின் சத்தம் பாறை வழியாகக் கேட்கிறதா என்று எல்லோரும் காதைச் சுவரில் வைத்துக் கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிப் பாருங்கள், மறுநாள் அது பக்கெட்டில் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இது கற்பனையில் மட்டும் வந்ததில்லை. அதே செவேன் பகுதியில் லால் என்ற சுரங்கத்தில் 1861 அக்டோபரில் ஆற்றுவெள்ளம் புகுந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள், சிலர் பல நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தியிலிருந்து வந்ததுதான் அத்தியாயங்கள். செய்தி என்றால் எத்தனை பேர், எந்த நாள், யார் பொறுப்பு என்பதோடு முடிந்துவிடும். மாலோ அங்கே நிற்காமல் அவர்கள் உள்ளே எப்படி உயிர் பிழைத்தார்கள், எதைக் குடித்தார்கள், எங்கே கால் வைத்தார்கள் என்று துருவித் துருவித் தெரிந்துகொண்டு எழுதினார். நீங்கள் வாய்க்கால் உடைப்புக்குப் போகிறீர்கள். மணல் மூட்டையை எப்படி அடுக்குகிறார்கள், முதல் மூட்டை ஏன் நிற்க மாட்டேன் என்கிறது, சவுக்குக் கழியை எந்தச் சாய்வில் அடிக்கிறார்கள், ஒரு கிழவர் சொல்கிற யோசனையை என்ஜினீயர் கேட்கிறாரா இல்லையா? செய்தியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. அதை நோட்டில் எழுதி வையுங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற கருவிக்குள் நெல்லைப் போடுகிற நேரம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற விவசாயியின் மகன், அங்கேயே ஒரு சிறுவர் கதை இருக்கிறது. உங்கள் கை கெட்டுப்போகவில்லை, அது பழகிக்கொண்டிருக்கிறது.

பட்டுக்கோட்டை ஆசிரியை: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சுருக்கத்தைப் படித்தாலே ஒரே சாவும் பிரிவுமாக இருக்கிறது. இவ்வளவு துக்கம் பிள்ளைகளுக்குத் தேவையா?

நியாயமான கவலை, டீச்சர். குரங்கு சாகும், இரண்டு நாய்களை ஓநாய் கொண்டுபோகும், பாதிக் கதைக்கு முன்பே ரெமிக்கு அப்பா மாதிரி இருந்த கிழவர் பனியில் இறந்துபோவார். பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள்.

ஆனால் துக்கத்தை அவர் எப்படிக் கொண்டு வருகிறார் என்பதைப் பாருங்கள். முதல் அத்தியாயங்களில் ரெமி ஷவானோன் என்ற ஏழை ஊரில் பார்பரின் அம்மாவிடம் வளர்கிறான். அவளுடைய வீட்டுக்காரர் பார்பரின் பாரிசில் கொத்து வேலைக்குப் போனவர். நிஜத்திலும் க்ரூஸ் என்ற அந்தப் பகுதி ஆண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாரிசுக்குக் கொத்தனார்களாகப் போனவர்கள்தான், வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் பணம் வரும் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். நம் பக்கத்து ஊர்களுக்குச் சிங்கப்பூரையும் வளைகுடாவையும் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு உடனே புரியும். சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு அடிபடுகிறது, வழக்குச் செலவுக்குப் பசுவை விற்க வேண்டி வருகிறது. ரூசெத் என்று பசுவுக்குப் பெயர். பசு போனதோடு பாலும் வெண்ணெயும் போயிற்று. அப்புறம் பண்டிகை வருகிறது, அப்பம் சுடுகிற நாள், இந்த வருஷம் இல்லை என்று ரெமி மனசைத் தேற்றிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்தால் பார்பரின் அம்மா ஒரு வீட்டில் கொஞ்சம் பால், இன்னொரு வீட்டில் கொஞ்சம் வெண்ணெய் என்று கடன் வாங்கி மாவு கரைத்து வைத்திருக்கிறாள். கல் காய்ந்து வெண்ணெய் உருகுகிற சத்தம் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து, எத்தனையோ வருஷமாக வராத வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார், எனக்குப் பசிக்கிறது, இதென்ன அப்பம், வெங்காய சூப் வை என்கிறார். மிச்ச வெண்ணெய் முழுக்கச் சூப்புக்குப் போய்விடுகிறது. அந்த வெண்ணெய்க்காகப் பிள்ளைகள் படுகிற கோபம் இருக்கிறதே, பக்கம் பக்கமாக உபதேசம் செய்தாலும் வராது. அந்தப் பசு கடைசியில் என்ன ஆகிறது என்று நான் சொல்லப் போவதில்லை, ஆனால் அதற்காகவே பிள்ளைகள் முழுக் கதையும் கேட்பார்கள்.

இன்னொன்றும் உங்கள் ஊருக்காகச் சொல்ல வேண்டும். ரெமி பாரிசில் ஒரு பூச்செடித் தோட்டக்காரர் குடும்பத்தில் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருப்பான். நிலத்தைக் கடனில் வாங்கி, தவணை கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூடுகளுக்குள் செடி வளர்க்கிற குடும்பம். ஒரு மத்தியானம் ஆலங்கட்டி மழை, சில நிமிடம்தான், கண்ணாடி அத்தனையும் நொறுங்கி, அந்தக் குடும்பமே திசைக்கொன்றாகச் சிதறுகிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்து, வீட்டுக்குப் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் விழுந்து கிடந்ததைப் பார்த்த ஊர் உங்களுடையது. அன்றைக்கு நம் பிள்ளைகளிடம் அதைப் பற்றி யார் பேசினோம்? நிவாரணத் தொகை, கணக்கெடுப்பு என்று பெரியவர்கள் பேச்சுத்தான் இருந்தது. உங்கள் வகுப்பிலும் தென்னையை இழந்த வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் விடுங்கள், அவர்களே பேசுவார்கள்.

குரங்கு சாகிற அத்தியாயத்தை மட்டும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வைக்காதீர்கள், மறுநாள் அதைப் பற்றிப் பேச வகுப்பு இருக்க வேண்டும்.

மன்னார்குடி வாசகர்: பெரியவர்களுக்காக எத்தனை நாவல் எழுதினார்? அதெல்லாம் இப்போது யார் படிக்கிறார்கள்?

சிறுவர் நூல்களையும் சேர்த்து அறுபதுக்கும் மேல். பெரியவர்களுக்கானவற்றை இன்று ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள். 1895ல் இனி நாவல் எழுதப்போவதில்லை என்று அறிவித்தார், ஆனாலும் அடுத்த வருஷமே ஒன்று வந்தது. ஒவ்வொரு நாவலும் எப்படி உருவானது, எங்கே போய் விசாரித்தேன் என்று ‘என் நாவல்களின் நாவல்’ என்ற பொருளில் தலைப்பு வைத்து 1896ல் ஒரு புத்தகம் எழுதினார். எழுதக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல பாடம். 1907 ஜூலையில் பாரிசை ஒட்டிய ஃபோந்தனே சூ புவா என்ற ஊரில் காலமானார்.

கும்பகோணம் வாசகி: எப்போது பார்த்தாலும் பையன்கள்தான் ஊர் சுற்றுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அவர் ஒன்றும் எழுதவில்லையா?

எழுதினார், அதுவும் என்னைக் கேட்டால் ரெமி கதைக்கு ஒரு படி மேலே. ‘ஆன் ஃபமீய்’, 1893. குடும்பத்தோடு என்று அர்த்தம். நாயகி பெரின் என்ற சிறுமி. அவளுடைய அப்பா, பிரான்சில் பெரிய சணல் ஆலை முதலாளியின் மகன், சணல் வாங்க டாக்காவுக்குப் போன இடத்தில் இந்தியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். முதலாளிக் கிழவர் மகனைத் தலைமுழுகிவிடுகிறார். திரும்பி வரும் வழியிலேயே அப்பா இறந்துபோக, பாரிஸ் எல்லையில் அம்மாவும் இறக்க, பெரின் தனியாக நடந்து தாத்தாவின் ஆலை இருக்கிற ஊருக்கு வருகிறாள். நான்தான் உன் பேத்தி என்று சொன்னால் விரட்டிவிடுவார் என்று பெயரை மாற்றிக்கொண்டு அவருடைய ஆலையிலேயே கூலிக்குச் சேர்கிறாள்.

நான் திரும்பத் திரும்பப் படிக்கிற பகுதி ஒன்று உண்டு. தொழிலாளிப் பெண்கள் தங்குகிற அறையில் காற்றே இல்லை, நாற்றம் தாங்கவில்லை. பெரின் குளத்து நடுவில் ஒரு சின்னத் திட்டில் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடிசையைக் கண்டுபிடித்து அங்கே தனியாகக் குடியிருக்கிறாள். கோரையைப் பின்னி அடித்தட்டு செய்து, துணி வைத்துத் தைத்து, தனக்குத் தானே செருப்பு செய்துகொள்கிறாள். கிடைத்த தகர டப்பாவைத் தட்டிச் சட்டியாக்கி, காட்டு வாத்து முட்டை அவிக்கிறாள். வாங்குகிற கூலியில் எதற்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும், அது ஒருநாள் கைகொடுக்கிறது, இங்கிலாந்திலிருந்து வந்த மெக்கானிக்குகளிடம் பேச ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள், அங்கிருந்து கண் தெரியாத முதலாளிக்கு எழுத்து வேலை பார்க்கிறவளாகிறாள். அவள் அழுது ஜெயிப்பதில்லை, வேலை தெரிந்து ஜெயிக்கிறாள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு, கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் எவ்வளவு மோசம் என்பதெல்லாம் அந்தச் சிறுமியின் கண் வழியாக வருகிறது, பத்திரிகைக்காரர் மாலோ அங்கேயும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். திருபுவனம், தாராசுரம் பக்கம் தறி ஓடுகிற வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள், நூல் கண்டைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற பெரினை அவர்களுக்கு அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

திருவாரூர் வாசகர்: பிரான்ஸ் கதை நமக்கு எதற்கு? தமிழில் பத்திரிகைக்காரராகவும் சிறுவர் எழுத்தாளராகவும் இருந்தவர்கள் இல்லையா?

இல்லாமல் என்ன, நிறைய இருக்கிறார்கள். ‘கண்ணன்’ சிறுவர் இதழின் ஆசிரியராக இருந்த ஆர்வி உங்கள் பக்கம் திருத்துறைப்பூண்டிக்காரர். வாண்டுமாமா வாழ்நாள் முழுவதும் பத்திரிகை அலுவலகங்களில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எழுதினார், ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ படித்து வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. அவர்களுக்கெல்லாம் நாம் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்யவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனாலும் பிரான்ஸ் கதை நமக்கு எதற்கு என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அந்தக் கதையில் பார்பரின், ரெமியை ஊர் சுற்றி வித்தை காட்டும் வித்தாலிஸ் என்ற கிழவரிடம் நாற்பது பிராங்கு வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறான். நல்லவேளை, வித்தாலிஸ் தங்கமான மனிதர். மரத்துண்டுகளில் எழுத்துகளைச் செதுக்கி ரெமிக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறார், கூடவே காபி என்ற நாயும் எழுத்தைப் படித்துவிடுகிறது, பையனைவிட வேகமாக. முதல் ஊரில் ஆணி அடித்த புது பூட்ஸ் வாங்கிக் கொடுக்கிறார், ரெமிக்கு அது ராஜ்யமே கிடைத்த மாதிரி. ஆனால் ஒரு குழந்தைக்கு விலை வைத்துக் கைமாற்றியது மாறாது அல்லவா.

இது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பிரான்சில் நடந்த சங்கதி என்று தள்ளிவிட முடியுமா? அறுவடை முடிந்ததும் நம் வயல்களுக்கு ஆட்டுக்கிடை போட வருகிறார்கள், வாத்துக் கூட்டம் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலோர் மானமாகப் பிழைக்கிற குடும்பங்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பெற்றோர் வாங்கிய சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவர்களைக் கோட்டாட்சியர் போய் மீட்டார் என்ற செய்தி தஞ்சை, திருவாரூர் பக்கங்களிலிருந்து வராமல் இல்லை, கஜாவுக்குப் பின்பும் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்துவிட்டது. செய்தியில் அந்தப் பையன் ‘மீட்கப்பட்ட சிறுவன்’, ஆறு வரி, அதோடு சரி. அவன் ராத்திரி எங்கே படுத்தான், மழைக்கு எதைப் போர்த்திக்கொண்டான், எந்த ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தான், வரப்பு ஓரமாகப் பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு போன பிள்ளைகளைப் பார்த்து என்ன நினைத்தான், இதை யார் எழுதியிருக்கிறோம்? எழுதினால் நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, அடுத்த முறை கிடைக்கு ஓரத்தில் நிற்கிற தன் வயசுப் பையனைப் பார்த்ததும் நின்று பேசும். மாலோ இருந்திருந்தால் நேரே கிடைக்குப் போய் உட்கார்ந்து கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நம்மில் யாராவது கேட்க வேண்டும். எழுதி அனுப்புங்கள், பையனின் பெயரும் ஊரும் தெரியாதபடி மாற்றி எழுதுங்கள், இந்த இதழில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு.

நாகப்பட்டினம் வாசகர்: பிரெஞ்சு தெரியாதவர்கள் இவற்றை எப்படிப் படிப்பது?

இங்கிலீஷில் ‘நோபடீஸ் பாய்’ என்ற பெயரில் ரெமி கதையும், ‘நோபடீஸ் கேர்ள்’ என்ற பெயரில் பெரின் கதையும் இருக்கின்றன. முதலாவது 1916லேயே வந்த மொழிபெயர்ப்பு, காப்புரிமைக் காலம் முடிந்தது, ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ என்ற இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஜப்பான்காரர்கள் 1977லும் 1978லும் இரண்டையும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடராக எடுத்தார்கள். கடையில் சுருக்கப் பதிப்பு வாங்குவதானால் சுரங்க அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரிதாக இருக்கிறது என்று பல பதிப்புகளில் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.